குறுவைப் பணத்தைத் தொடாமல் ஒரு தீம் பார்க் பயணம்

கோடை விடுமுறை வந்தால் கும்பகோணத்துக்கு அருகே எங்கள் வலங்கைமான் பக்கத்துப் பிள்ளைகளும் தீம் பார்க் கேட்கிறார்கள். அவசியம் அழைத்துப் போங்கள். ஆனால் குறுவை நெல் சாகுபடிக்கு மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. விதைக்கும் உழவுக்கும் நடவுக் கூலிக்குமான பணம் அதற்குள் கையில் இருந்தாக வேண்டும். அதனால் சம்பா நெல் விற்ற கையோடு பயணத்துக்கென ஒரு தொகையைத் தனியே எடுத்துவைத்துவிடுவேன். அதற்குள் அடங்குவதே பயணம்.

விடுதி வாடகைதான் பணத்தை விழுங்கும். இரவு ரயிலில் போய், பகலெல்லாம் விளையாடிவிட்டு, அன்றிரவே திரும்பினால் அது மிச்சம். உழவன் எக்ஸ்பிரஸ் கும்பகோணம் வழியாகத்தான் சென்னைக்குப் போகிறது. 60 நாட்களுக்கு முன்பே முன்பதிவு தொடங்கிவிடும். 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். 5 முதல் 11 வயது வரை படுக்கை கேட்டால் முழுக் கட்டணம், இல்லையென்றால் பாதி.

ரயிலில் வயது கணக்கு என்றால், பல பூங்காக்களில் உயரம்தான் கணக்கு. பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி அளந்துவிட்டு டிக்கெட் எடுங்கள். வரி சேர்ந்த மொத்தத் தொகையையே எழுதிக்கொள்ளுங்கள். வார நாளில் கூட்டம் குறைவு. கொடுத்த காசுக்கு நிறைய விளையாடலாம்.

நுழைவுச் சீட்டோடு செலவு நிற்காது. நீர் விளையாட்டுக்கு நைலான் உடை கேட்பார்கள்; ஊர்க் கடையிலேயே வாங்குங்கள். லாக்கர் வாடகைக்குத் தனியே ஒதுக்குங்கள். வெளி உணவைப் பெரும்பாலும் உள்ளே விடுவதில்லை. புளியோதரை ரயிலுக்கும் காலைப் பசிக்கும் போதும். மதியச் சாப்பாட்டுக்குக் கணக்கில் தாராளமாகவே இடம் விடுங்கள். பசித்த பிள்ளையிடம் சிக்கனம் பேசக் கூடாது.

சென்னையில் இறங்கியதும் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்காக்களுக்குப் போக இரண்டு மூன்று பேர் என்றால் பஸ், ஐந்தாறு பேர் என்றால் வாடகைக் கார்.