காரின் குட்டிக் கண்ணாடி உடைந்தால் செய்யக்கூடாதவை

காரில் ஏற்றி இறக்க முடியாத கண்ணாடிகள் சில உண்டு. பின்கதவின் ஓரத்தில் முக்கோணமாக ஒன்று இருக்கும். பெரிய வண்டிகளில் மூன்றாவது வரிசை சீட்டுக்குப் பக்கத்தில், பாடியோடு ஒட்டியபடி ஒன்று இருக்கும். சில மாடல்களில் முன்கதவுக்கு முன்னால் சின்னதாக ஒன்று வைத்திருப்பார்கள். ஒர்க்ஷாப்பில் இதை குவார்ட்டர் கிளாஸ் என்பார்கள். குமரி மாவட்டத்தில் இது உடைவதற்கு வழிகளுக்குப் பஞ்சமில்லை. தென்னைக்கு அடியில் நிறுத்தினால் மட்டையோ தேங்காயோ விழும். ரப்பர் தோட்டத்து ஓரம் புல் வெட்டும் மிஷின் ஓடினால் கல் தெறிக்கும். நாலுவழிச்சாலை வேலைக்கு ஜல்லி ஏற்றிப் போகும் லாரிக்குப் பின்னால் மாட்டினாலும் ஆபத்துதான்.

உடைந்ததும் பலரும் சொல்வது, "சின்னக் கண்ணாடிதானே, மெதுவா பார்த்துக்கலாம்." பெரும்பாலான தவறுகள் இந்த நினைப்பிலிருந்துதான் தொடங்குகின்றன. கண்ணாடி வாங்குவது ஒருமுறைச் செலவு. அந்த ஓட்டை வழியாக உள்ளே இறங்கும் தண்ணீர் இழுத்து வைக்கும் செலவோ பல மாதம் கழித்துத் தெரியும், அதைவிடப் பெரிதாகவும் இருக்கும். எடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் பெய்து, ஐப்பசி கார்த்திகை மழையும் பெய்கிற ஊர் நம்முடையது. குளச்சல், முட்டம் பக்கம் என்றால் உப்புக்காற்றும் கூடச் சேரும். அதனால் எதைச் செய்யும்போதும் தண்ணீரை மனதில் வைத்துச் செய்யுங்கள்.

முதலில் போட்டோ, அப்புறம் துடைப்பம்

உடைந்த சில்லைப் பார்த்ததும் கை தானாக அதைத் தட்டிவிடப் போகும். பொறுங்கள். வண்டி நிற்கும் இடம், நம்பர் பிளேட், உடைந்த கண்ணாடி, உள்ளே கிடக்கும் கல் அல்லது தேங்காய் எல்லாம் தெரியும்படி நாலைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். யாராவது உடைத்துப் பொருளை எடுத்துப் போயிருந்தால், எதையும் தொடாமல் அந்தப் பகுதி காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்க வேண்டும். பின்னால் காப்பீட்டுக்கும் அது வேண்டியிருக்கும்.

காப்பீட்டில் நடக்கும் பெரிய தவறு, வேலையை முடித்துவிட்டு பில்லோடு போய் நிற்பது. முதலில் கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். அவர்கள் பார்த்தபிறகோ, படம் வாங்கிச் சம்மதம் சொன்னபிறகோ வேலையைத் தொடங்குங்கள். தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் இதற்கு ஒன்றும் கிடைக்காது. முழு பாலிசி என்றால் வழக்கமாகக் கண்ணாடிக்குத் தேய்மானம் கழிக்கமாட்டார்கள், ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். 1500 சிசி வரையுள்ள காருக்கு முதல் 1000 ரூபாயும், அதற்கு மேற்பட்ட காருக்கு 2000 ரூபாயும் நம் பொறுப்பு. கிளெய்ம் எடுத்தால் அடுத்த வருடம் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். ஐந்து வருடம் கிளெய்ம் எடுக்காமல் 50 சதவீதத் தள்ளுபடியில் இருப்பவர், சின்ன மாருதி காரின் முக்கோணக் கண்ணாடிக்காக அதை இழப்பது லாபமா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. பெரிய வண்டியின் ஒட்டுக்கண்ணாடி என்றால் கணக்கு மாறலாம்.

சில்லு எங்கே போகிறது

இந்தக் கண்ணாடிகள் பெரும்பாலும் டெம்பர்டு வகை. 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, உடனே காற்றடித்துக் குளிரவைப்பார்கள். அந்த இறுக்கத்தால்தான் உடையும்போது கத்தி போன்ற துண்டாக இல்லாமல் கற்கண்டுபோலப் பொடிந்து கொட்டுகிறது. முன்கண்ணாடியில் கல் பட்ட புள்ளியை ரெசின் விட்டுச் சரிசெய்வதைப் பார்த்தவர்கள் இதற்கும் அப்படி ஏதாவது உண்டா என்று கேட்பார்கள். கிடையாது. முன்கண்ணாடி நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்த லாமினேட்டட் வகை, அது வேறு. டெம்பர்டு போனால் மாற்றுவது ஒன்றே வழி.

பொடிந்த சில்லு சீட்டில் கிடப்பது நம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆபத்து கண்ணுக்குத் தெரியாத சில்லில் இருக்கிறது. பின்கதவுக் கண்ணாடி உடைந்தால் பாதிச் சில்லு கதவுக்குள் இறங்கிவிடும். அதை எடுக்காமல் பக்கத்திலிருக்கும் பெரிய கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்ப்பார்கள், வேலை செய்கிறதா என்று. ரப்பர் சேனலில் மாட்டிய ஒரு சில்லு போதும், நல்ல கண்ணாடியில் மேலிருந்து கீழே கோடு விழுந்துவிடும். சில நேரம் கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரே இறுகிப்போகும். சுத்தம் செய்து முடியும்வரை அந்தக் கதவின் சுவிட்சைத் தொடாதீர்கள்.

இன்னொன்று கதவின் அடியில் இருக்கும் வடிதுளைகள். நல்ல கண்ணாடி உள்ள கதவுக்குள்ளும் மழைத்தண்ணீர் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அது வெளியே போகக் கீழ் விளிம்பில் சின்னத் துளைகள் வைத்திருப்பார்கள். சில்லு அங்கே போய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே நிற்கும். மார்த்தாண்டத்தில் ஓர் ஒர்க்ஷாப்பில் இதை நேரிலேயே பார்த்தேன். மெக்கானிக் வண்டிக்காரரைக் கூப்பிட்டு, "அண்ணே, இந்தக் கதவை ஆட்டிட்டுக் கேளுங்க" என்றார். உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டது. மெல்லிய ஸ்குரூ டிரைவரால் அடித்துளையைக் குத்தியதும் துருநிறத் தண்ணீர் கொட்டியது, கூடவே சில்லுகளும் தரையில் விழுந்தன. கண்ணாடி மாற்றிப் பல மாதம் ஆகியிருந்தது. கதவின் அடித்தகடு விரலால் அழுத்தினாலே நெளிந்தது.

ஆகவே கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் டோர் பேடைக் கழற்றி, உள்ளே வேக்குவம் போட்டு, வடிதுளை ஒவ்வொன்றையும் குத்திவிட்டு, ஒரு கப் தண்ணீர் ஊற்றி அது கீழே வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அரைமணி நேர வேலைதான். கேட்காமல் விட்டால் பல இடத்தில் செய்யமாட்டார்கள்.

பெரிய வண்டியின் பின்பக்கக் கண்ணாடி என்றால் சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பாருங்கள். பெல்ட் சுருளும் இடத்துக்குள் சில்லு விழுந்திருந்தால், ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் பெல்ட் துணியை அது அறுக்கும். குழந்தை உட்காரும் சீட் இருந்தால் அதன் துணியைக் கழற்றி, மடிப்பு மடிப்பாகச் சோதித்தபிறகுதான் குழந்தையை உட்காரவைக்க வேண்டும். பொடிச்சில்லுக்குக் கையால் தடவுவதோ உலர்ந்த துணியால் துடைப்பதோ கூடாது. கையுறை போட்டு, அகலமான டேப்பின் ஒட்டும் பக்கத்தால் ஒற்றி ஒற்றி எடுங்கள். கூட்டிய சில்லைச் சாலையோரம் கொட்டாதீர்கள். காலில் செருப்பில்லாமல் நடப்பவர்கள் நம் ஊரில் இன்னும் நிறையப் பேர். பழைய சாக்கில் சுற்றிக் கட்டி, கண்ணாடி என்று சொல்லிக் குப்பை எடுப்பவரிடம் கொடுங்கள்.

மறைப்பு கட்டும் விதம்

கண்ணாடி வரும்வரை ஓட்டையை மூடவேண்டும். இங்கே அட்டையை வைத்து பிரவுன் டேப்பால் பெயின்ட் மேலே ஒட்டுவதுதான் வழக்கம். அட்டை ஒரு மழையில் ஊறிவிடும், பக்கவாட்டுப் பார்வையையும் மறைக்கும். பிரவுன் டேப் வெயிலில் வெந்து, உரிக்கும்போது பசை பெயின்ட்டிலேயே தங்கும். ஏற்கெனவே பட்டி போட்டுப் பெயின்ட் அடித்த இடமானால் பெயின்ட்டே கூட வந்துவிடும்.

கனமான, வெளிச்சம் போகும் பாலித்தீன் ஷீட் நல்லது. ரப்பர் மரத்துக்கு மழைக்காப்பு கட்டும் பாலித்தீன் மிச்சம் இருந்தால் அதுவும் உதவும். கதவுக் கண்ணாடி என்றால் ஷீட்டைக் கதவின் மேல்விளிம்பைச் சுற்றி உள்பக்கம் மடித்துக் கதவைச் சாத்திவிடுங்கள். கதவு ரப்பரே அதைப் பிடித்துக்கொள்ளும், மேலே டேப் தேவையில்லை. மற்ற இடங்களுக்குப் பெயின்டர்கள் பயன்படுத்தும் பேப்பர் டேப்பை, ஈரமும் தூசியும் துடைத்தபிறகு ஒட்டுங்கள். ஷீட் ஓட்டைக்கு நன்றாக மேலிருந்து தொடங்க வேண்டும். மேல் விளிம்பை முழுக்க ஒட்டி, கீழே கொஞ்சம் இடம் விட்டால் உள்ளே போன ஈரம் வெளியேறும். பேப்பர் டேப் மழையில் நாள்கணக்கில் தாங்காது, தினமும் பார்த்து மாற்றுங்கள். சில்லு ஒட்டியிருக்கும் வண்டி மேல் கவரை இழுத்துப் போடாதீர்கள், பெயின்ட் முழுக்கக் கீறல் விழும்.

இப்படிக் கட்டிக்கொண்டு திருநெல்வேலிக்குக் கிளம்பினால் ஆரல்வாய்மொழியில் ஷீட் கையில் நிற்காது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதே அந்தக் கணவாய்க் காற்றுக்காகத்தான். அவசரமில்லை என்றால் அந்தப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

எந்தக் கண்ணாடி வாங்குவது

"பின்னாடி உள்ள சின்னக் கண்ணாடி" என்று போனில் சொல்லி ஆர்டர் போட்டால் தப்பான கண்ணாடி வருவதற்கு நிறைய வாய்ப்பு. ஒரே பெயரில் விற்கும் காருக்குத் தலைமுறை மாறினால் கண்ணாடியும் மாறும். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் சேஸிஸ் நம்பரையும், உடையாத மறுபக்கக் கண்ணாடியின் படத்தையும் கொடுங்கள். இடம், வலம் என்பது வண்டிக்குள் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும் நிலையில்தான். வெளியே முன்னால் நின்று பார்த்துச் சொல்லிக் குழம்புவதைவிட டிரைவர் சைடு, எதிர் சைடு என்று சொல்வது பாதுகாப்பு. ஓரத்தில் ரப்பர் அச்சோடு சேர்ந்து வருகிறதா, தனி பீடிங்கா (ஓரத்து ரப்பர் பட்டை) என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நாகர்கோவிலில் ஸ்டாக் இல்லாமல் திருவனந்தபுரத்திலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வரவேண்டியிருந்தால், தவறான கண்ணாடியால் மழைக்காலத்தில் இன்னும் சில நாள் வீணாகும்.

விலை கேட்டுப் பலர் அதிர்ச்சியாவது உண்டு. ரப்பர் அச்சோடு வருவதாலும் குறைவாகவே விற்பதாலும் இந்தச் சின்னக் கண்ணாடி சில வண்டிகளில் பெரிய கதவுக் கண்ணாடியைவிட விலை கூடுதல். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, "சின்னதை உடைச்சா செலவு கம்மி" என்று இதை உடைப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது. குழந்தை உள்ளே மாட்டியிருந்தால் எதை வேண்டுமானாலும் உடைக்கலாம், குழந்தை உட்கார்ந்திருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு. சாவிக்காக என்றால் பூட்டுத் திறப்பவரைக் கூப்பிடுங்கள்.

விலைக்குப் பயந்து வீட்டு ஜன்னலுக்குக் கண்ணாடி போடும் கடையில் அளவு வெட்டி வாங்கவே கூடாது. டெம்பர்டு கண்ணாடியைச் செய்தபின் வெட்ட முடியாது, வெட்டினால் பொடிந்துவிடும். அப்படியானால் அவர்கள் வெட்டித் தருவது சாதாரணக் கண்ணாடி. அது உடைந்தால் கூரான துண்டுகளாகத்தான் உடையும், அதுவும் உள்ளே இருப்பவர் கழுத்து உயரத்தில். அக்ரிலிக் ஷீட் சீக்கிரம் கீறலாகும். கண்ணாடியின் மூலையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தயாரிப்பாளர் பெயரும் அழியாமல் பதிந்திருக்க வேண்டும். பக்கக் கண்ணாடி குறைந்தது 50 சதவீத வெளிச்சத்தை விடவேண்டும் என்பது மோட்டார் வாகன விதி.

சிலிக்கான் என்னும் பெரிய தவறு

பாடியோடு ஒட்டும் கண்ணாடிக்கு உரியது பி.யு. என்று சொல்லும் பாலியூரித்தேன் பசை. ஹார்டுவேர் கடையில் பாத்ரூமுக்கு வாங்கும் சிலிக்கானை வைத்து ஒட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள். முதல் வாரம் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். வினிகர் வாசனை வரும் சிலிக்கான் உலரும்போது அசிட்டிக் அமிலத்தை விடுகிறது, அது தகட்டைத் துருப்பிடிக்கவைக்கும். நம் கடலோரக் காற்றில் இது இன்னும் வேகமாக நடக்கும். அதன் மிச்சம் இருக்கும் இடத்தில் பின்னால் பி.யு. பசையும் பிடிக்காது. ஒட்டக் கொடுக்குமுன் "என்ன பசை போடுவீங்க?" என்று கேட்டு, டியூபைக் காட்டச் சொல்வதில் தப்பில்லை.

பழைய பசையை அறுக்கும்போது கத்தி தகட்டில் பட்டுக் கீறினால் அங்கே துருவைத் தடுக்கும் பிரைமர் வைக்காமல் மூடக்கூடாது. கீறல் கண்ணாடிக்கு அடியில் மறைந்து, வெளியே தெரியாமல் துருவாக வளரும். பழைய பசையைத் தகடு தெரியும்வரை சுரண்டுவதும் தேவையில்லை. உறுதியாகப் பிடித்திருக்கும் பழைய பசையை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மெல்லிய படலமாக விட்டால் புதுப் பசை அதன்மேல் நன்றாகப் பிடிக்கும். உள்பக்க டிரிம்மைக் கழற்றும்போது, மேலே கர்ட்டன் ஏர்பேக் (மோதும்போது பக்கவாட்டில் விரியும் காற்றுப்பை) உள்ள வண்டியா என்று பார்க்காமல் பிடித்து இழுப்பதும் கூடாது.

பி.யு. காற்றின் ஈரத்தை எடுத்துத்தான் இறுகும், அதனால் நம் ஊர்க் காற்று அதற்குச் சாதகம். ஆனால் ஒட்டும் பரப்பு ஈரமாக இருக்கக்கூடாது. தூறலில், ரோட்டோரத்தில் நின்று ஒட்டச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். கூரை உள்ள இடத்தில் கொடுங்கள்.

கதவில் பீடிங்கோடு மாட்டும் முக்கோணக் கண்ணாடிக்குப் பசை வேண்டாம். ஆனால் பழைய பீடிங்கையே திரும்பப் போடுவது தவறு. சுருங்கியிருக்கும், சில்லும் குத்தியிருக்கும். புது பீடிங்கை நுழைக்க சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸ், ஆயில் தடவினால் ரப்பர் ஊதிக் கெடும்.

மாட்டியபிறகு

ஒட்டிய கண்ணாடி என்றால் பசை டியூபில் எழுதியிருக்கும் நேரம்வரை வண்டியை எடுக்காதீர்கள். அன்று முழுக்க வேறு ஒரு கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். எல்லாம் மூடியிருக்கும்போது கதவை ஓங்கிச் சாத்தினால் உள்ளே அழுந்தும் காற்று புதுக் கண்ணாடியை வெளியே தள்ளப் பார்க்கும். ஒட்டியவர் வைத்த டேப்பை ஒரு நாளாவது விட்டுவிடுங்கள். இரண்டு நாளைக்கு வாட்டர் சர்வீஸ் வேண்டாம்.

மூன்றாம் நாள் ஒரு வாளித் தண்ணீர் எடுத்து, ஒருவர் உள்ளே உட்கார்ந்து டார்ச் அடிக்க, மற்றவர் கண்ணாடியின் மேல் விளிம்பில் குவளையால் மெதுவாக ஊற்றுங்கள். பிரஷர் பம்பு வேண்டாம், அது நல்ல ஜாயின்ட்டையும் கெடுக்கும். கசிவு தெரியாவிட்டாலும், அடுத்த பெருமழைக்கு மறுநாள் அந்தப் பக்கத்துக் கார்ப்பெட்டைத் தூக்கிக் கையை வைத்துப் பாருங்கள், ஸ்டெப்னி கிடக்கும் குழியையும் பாருங்கள். ஈரம் இருந்தால் அதே ஒர்க்ஷாப்பில் பில்லைக் காட்டி மறுபடி கழற்றி ஒட்டச் சொல்லுங்கள். மேலால் சீலன்ட் பூசி அனுப்பப் பார்த்தால் சம்மதிக்காதீர்கள்.