‘சொரி’ சொல்லப் பழகுவோம்: மன்னிப்பிலிருந்து அல்ல, வருத்தத்திலிருந்து

வெள்ளவத்தையில் என்னிடம் ஆங்கிலம் படிக்கும் தம்பி ஒருவர், வேலையிடத்து நண்பரின் தகப்பன் இறந்தபோது பொறளைக்குச் செத்தவீடு போய் வந்தார். அடுத்த வகுப்பில் கேட்டார்: “மிஸ், வந்த ஆக்கள் எல்லாம் அவனுக்குக் கைகொடுத்து ‘ஐ ஆம் சொரி’ எண்டு சொல்லிச்சினம். அவை என்ன பிழை செய்தவை?” அது விளங்காததால் அவர் மட்டும் ஒன்றும் பேசாமல் நின்றுவிட்டு வந்திருக்கிறார். எனக்கு அது மனதை உறுத்திவிட்டது. நான்தானே முதலிலேயே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

படி 1: கொப்பியைத் திருத்துங்கள்

‘சொரி என்றால் மன்னிப்பு’ என்று எழுதியிருந்தால் வெட்டிவிட்டு ‘வருத்தம்’ என்று எழுதுங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில் ‘சார்’ என்றால் நோவு. அதிலிருந்து பிறந்தது ‘சாரிய்’: நோவு நிறைந்த, துயருற்ற. அந்தச் ‘சார்’தான் இன்றைய ‘சோர்’. தொண்டை நோவுக்கு ‘சோர் த்ரோட்’ என்கிறோமே, அதே சொல். ஜேர்மன் மொழியில் ‘மிகவும்’ என்பதற்குச் சொல்லும் ‘ஸேர்’ கூட இந்த வேர்தான். ஆனால் துக்கத்தைக் குறிக்கும் ‘சொரோ’ ஒலியில் கிட்ட நின்றாலும் வேறு வேரிலிருந்து வந்தது.

இது எங்களுக்குப் புதிதல்ல. ‘அம்மாவுக்கு வருத்தம்’ என்றால் உடம்புக்கு ஏலாது. ‘கேட்க வருத்தமாக் கிடக்கு’ என்றால் மனம் நோகிறது. ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று அறிவித்தல் போட்டால் அது மன்னிப்பு. ஒரே சொல் உடம்பு, மனம், மன்னிப்பு மூன்றையும் தாங்குகிறது. ‘சொரி’யும் நோவில் தொடங்கித்தான் மன்னிப்புக்கு வந்தது.

படி 2: பின்னால் வரும் சொல்லைப் பாருங்கள்

‘சொரி டு’ போட்டால் பிறகு வினைச்சொல்: ‘சொரி டு டிஸ்டேர்ப் யூ’. ‘சொரி எபவுட்’ போட்டால் பெயர்ச்சொல்: ‘சொரி எபவுட் த நொய்ஸ்’. ‘சொரி ஃபோர் லேட்’ பிழை. ‘சொரி ஐ ஆம் லேட்’ அல்லது ‘சொரி ஃபோர் பீயிங் லேட்’ என்று சொல்லுங்கள். ‘ஐ ஃபீல் சொரி ஃபோர் ஹிம்’ என்றால் அவரில் இரக்கப்படுகிறேன் என்று அர்த்தம். மன்னிப்புக் கேட்கும் இடத்தில் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

படி 3: செத்தவீட்டில்

‘ஐ ஆம் சொரி ஃபோர் யுவர் லொஸ்’. மெதுவாக, கையைப் பிடித்துக்கொண்டு. பிழையை ஒப்புக்கொள்வதாக அல்ல, ‘உங்கட நோவு எனக்கும் நோகுது’ என்பதாகவே கேட்பவருக்கு விளங்கும். யாருக்காவது சுகமில்லை என்று அறிந்தால் ‘ஐ ஆம் சொரி டு ஹியர் தட்’.

படி 4: பஸ்ஸில்

100ஆம் இலக்க பஸ்ஸில் சனத்துக்குள்ளால் இறங்க வழி கேட்கும்போது ‘எக்ஸ்கியூஸ் மீ’. போகும்போது யாரின் காலையாவது மிதித்துவிட்டால் ‘சொரி’. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு மற்றது. ஒருவர் சொன்னது கேட்கவில்லையா? குரலை மேலே தூக்கி ‘சொரி?’ என்று கேளுங்கள், திருப்பிச் சொல்வார்.

இன்றைக்கு மூன்று வசனம் எழுதுங்கள். ஒன்று வருந்த, ஒன்று மன்னிப்புக் கேட்க, ஒன்று திருப்பிக் கேட்க. எழுதியதை வாய்விட்டு வாசியுங்கள். மூன்றிலும் குரல் ஒரே மாதிரி இருந்தால் மறுபடி வாசியுங்கள்.