அம்மாவுக்கு நினைவு மலர்: உத்தியோகமும் கொடைக்குணமும் விடுபடாமல் எழுதுவது எப்படி

யாழ்ப்பாண வழக்கில் ஒருவர் காலமான 31ஆம் நாள் நடக்கும் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்தவர்கள் கையில் ஒரு நினைவு மலர் கொடுப்போம். கல்வெட்டு என்றும் சொல்வதுண்டு. ஆண் உத்தியோகத்தருக்கு வரும் மலரில் நியமனம், இடமாற்றம், பதவி உயர்வு எல்லாம் விபரமாக இருக்கும். முப்பது வருடம் படிப்பித்த பெண்ணுக்கோ "ஆசிரியையாகப் பணியாற்றி, பாசமிகு தாயாக வாழ்ந்தார்" என்று ஒற்றை வரியோடு முடிந்துவிடும். அம்மா வேலைக்குப் போனவர் என்றால் அந்த வேலையை முழுதாக எழுதுங்கள். அதற்கு ஆதாரங்களைத் தேட வேண்டும். தேட நாட்கள் குறைவு.

எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த கையோடு தொடங்குங்கள். 20ஆம் நாளுக்குள் எழுத்து அச்சகத்துக்குப் போனால்தான் இரண்டு தரம் ஒப்புநோக்க முடியும். தேடுவதற்கு ஒருவர், எழுதுவதற்கு ஒருவர், அச்சகத்தோடு பேசுவதற்கு ஒருவர் போதும். எல்லாரும் எல்லாவற்றையும் திருத்தப் போனால் நாள் தவறும்.

முதலில் அலுமாரியில் உள்ள கோவையை எடுங்கள். நியமனக் கடிதம், இடமாற்றக் கடிதங்கள், சம்பளப் படியேற்றக் கடிதங்கள், ஓய்வூதியக் கடிதம் ஆகியவை பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இருக்கும். அவற்றை வைத்து ஒரு தாளில் வருடம், இடம், பதவி, செய்த வேலை என்று நான்கு நிரல் போடுங்கள். ஆசிரியை என்றால் எந்த வகுப்பு, எந்தப் பாடம். தாதி என்றால் ஆஸ்பத்திரியில் எந்த விடுதி (வார்ட்). எழுதுவினைஞர் என்றால் எந்தக் கிளை. நிரலில் விழும் இடைவெளிகளைக் கவனியுங்கள். பிரசவ விடுமுறை, சம்பளமற்ற விடுமுறை, பயிற்சிக் காலம், இடப்பெயர்வு என ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். 1995 ஒக்டோபர் 30 வலிகாமம் இடப்பெயர்வுக்குப் பின்னர் தென்மராட்சியிலும் வன்னியிலும் இயங்கிய பாடசாலைகள் உண்டு. அந்தக் காலக் கடிதத்தில் உள்ள பாடசாலையின் பெயர் ஒன்று, அவர் உண்மையில் படிப்பித்த ஊர் வேறொன்றாக இருக்கலாம். இரண்டையும் எழுதுங்கள்.

தேடும்போது மிகவும் தடுக்கி விழுத்துவது பெயர். கலியாணத்துக்கு முன் தகப்பனின் முதலெழுத்தோடு "செல்வி", பின்னர் கணவரின் பெயரோடு "திருமதி". பழைய பாடசாலைப் பதிவில் அம்மாவின் பெயர் இல்லை என்று சொன்னால் கன்னிப் பெயரில் மறுபடி தேடச் சொல்லுங்கள். பாடசாலை நிகழ்வுகளைப் பதியும் சம்பவத் திரட்டுப் புத்தகம், ஆசிரியர் வரவுப் பதிவேடு, பாடசாலையின் நூற்றாண்டு மலர் ஆகிய மூன்றில் ஒன்றிலாவது அகப்படும். போரில் பதிவுகள் அழிந்த பாடசாலை என்றால் கூட வேலை செய்தவர்களின் மணிவிழா மலர்களையும் பிரியாவிடைப் படங்களையும் பாருங்கள். படத்தின் கீழ் பெயரும் வருடமும் அச்சாகியிருக்கும்.

கூட வேலை செய்தவர்களிடம் "அவ எப்பிடிப்பட்டவ?" என்று கேட்காதீர்கள். "நல்லவ, அன்பானவ" என்ற பதில்தான் வரும். காலையில் எத்தனை மணி பஸ்ஸில் வந்தார், பிந்தி வந்த பிள்ளையை என்ன செய்தார், அதிபரோடு எதற்காக முரண்பட்டார், மற்றவர்கள் தட்டிக்கழித்த எந்த வேலையை அவர் எடுத்தார் என்று கேளுங்கள். பதிலை அவர்களுடைய பேச்சிலேயே குறித்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போன அம்மாவின் பிள்ளைகளை அந்த நேரம் பார்த்தவர்கள் யார் என்பதும் வாழ்க்கை வரலாற்றில் வர வேண்டும். அம்மம்மா, பக்கத்து வீட்டு அக்கா, வீட்டில் உதவிக்கு நின்றவர் எல்லாரையும் பெயர் சொல்லி எழுதுங்கள். அவர்கள் இல்லாமல் அந்த உத்தியோகம் நடந்திருக்காது.

கொடைக்குணத்தை எழுதுவதில்தான் கூடுதல் கவனம் வேண்டும். "வாரி வழங்கிய வள்ளல்" என்ற சொல் எந்த மலரிலும் வரும். அதில் உங்கள் அம்மா தெரியமாட்டார். அவர் என்ன கொடுத்தார், எப்படிக் கொடுத்தார் என்று எழுதுங்கள்: சோதனைக் கட்டணம் கட்டினாரா, சம்பள நாளில் ஒரு பங்கை ஒதுக்கினாரா, சீட்டு எடுத்த காசை வேறொருவருக்குக் கொடுத்தாரா, பின்னேரம் காசு வாங்காமல் படிப்பித்தாரா. பழைய வங்கிப் பற்றுச்சீட்டிலும் நாட்குறிப்பிலும் இவை கிடக்கும். ஆனால் உதவி பெற்றவருடைய பெயரைப் போடாதீர்கள். "ஒரு மாணவி" என்றாலும் ஊரும் வருடமும் போட்டால் ஊரார் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்களே விரும்பித் தங்கள் பெயரில் எழுதித் தந்தால் அது வேறு. திரும்பி வராத கடன்களை மலரில் எழுதவே கூடாது; அம்மா கேட்காமல் விட்டதை நாம் அச்சில் கேட்பது அழகல்ல.

வம்சாவளியில் ஒரு பெயர் விட்டால் வருடக்கணக்கில் மனவருத்தம் நிற்கும். தாய்வழியில் ஒரு பெரியவருக்கும் தகப்பன்வழியில் ஒரு பெரியவருக்கும் பட்டியலை வாசித்துக் காட்டுங்கள். பெறாமக்கள், மருமக்கள், பூட்டப்பிள்ளைகள் வரிசையில்தான் அதிகம் தவறும். தம்பதியில் இருவரும் இல்லையென்றால் "காலஞ்சென்றவர்களான" என்று எழுத வேண்டும். "காலஞ்சென்ற" என்று முதல் பெயருக்கு முன் மட்டும் போட்டால் மற்றவர் உயிரோடு இருப்பதாகப் பொருள்படும்.

திதி நிர்ணயத்தில் இரண்டு பிழைகள் வழமை. ஒன்று தமிழ் வருடம்: அது சித்திரையில்தான் மாறும். 2026 மார்ச்சில் காலமானவருக்கு விசுவாவசு. ஏப்ரல் நடுவில் வருடம் பிறந்த பின் என்றால் பராபவ. மற்றது, வெளிநாட்டில் மரணம் நடந்தால் அந்த ஊர் நேரத்தைச் சொல்லிக் குருக்களிடம் திதி கேட்காமல், இலங்கை நாட்காட்டியைப் பார்த்துப் போடுவது. திதியை வெண்பாவாகப் பாட ஆள் இல்லையென்றால் உரைநடையில் எழுதுங்கள். தளை தட்டும் நான்கு வரிக்கு வெண்பா என்று தலைப்புப் போட வேண்டாம்.

மலரில் சேர்க்கும் பஞ்சபுராணத்தை (ஐந்து திருமுறைப் பாடல்களை) நினைவிலிருந்து தட்டச்சுச் செய்யாமல், நல்ல பதிப்பைப் பார்த்துச் சரிபாருங்கள்.

அச்சு விடயம். ஏ5 அளவு கைக்கு வசதி. நடுவில் கம்பி அடிக்கும் மலரின் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும்: 32, 36, 40. எழுத்து 34 பக்கம் வந்தால் இரண்டைக் குறையுங்கள், அல்லது இன்னும் இரண்டு படப் பக்கம் சேருங்கள். படங்கள் அச்சாகும் அளவில் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும்; 10 சென்ரிமீற்றர் அகலப் படத்துக்கு ஏறத்தாழ 1,180 புள்ளி. 3.5 × 4.5 சென்ரிமீற்றர் கடவுச்சீட்டுப் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளியில் ஸ்கான் செய்தால் 7 × 9 வரைதான் பெருப்பிக்கலாம். அட்டை முழுக்கப் போட்டால் மங்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், ஆவணமாக அனுப்புங்கள். அல்பத்தில் ஒட்டிப்போன பழைய படத்தை உரிக்காதீர்கள், பக்கத்தோடு சேர்த்தே ஸ்கான் செய்யலாம்.

பல அச்சகங்கள் இன்னும் யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் வேலை செய்கின்றன. யூனிகோட்டில் நீங்கள் கொடுத்ததை அவர்கள் மாற்றும்போது ஸ்ரீ, ஷ, மேற்கோள் குறி போன்றவை குழம்பலாம். இடையில் இருக்கும் ஆங்கிலச் சொற்கள் பொருளற்ற தமிழெழுத்தாக மாறிவிடும். ஆகவே அச்சகம் தரும் பிரதியைத் தாளில் எடுத்து, பெயர்களையும் வருடங்களையும் மட்டும் தனியாக ஒரு தரம் பாருங்கள். ண, ந, ன பிழைகளை இரண்டாம் தரத்தில் பார்க்கலாம்.

பிரதிகளை ஆளுக்கொன்று என்று கணக்கிடாமல் குடும்பத்துக்கு ஒன்று என்று கணக்கிடுங்கள். அதன் மேல் ஒரு இருபது கூட எடுங்கள்: அம்மா வேலை செய்த ஒவ்வொரு பாடசாலைக்கும் அல்லது ஆஸ்பத்திரிக்கும் ஒன்று, படித்த பாடசாலை நூலகத்துக்கு ஒன்று, வர முடியாத கூட்டாளிகளுக்குத் தபாலில். 2005இல் தொடங்கிய "நூலகம்" என்ற இணைய எண்ணிம நூலகம் நினைவு மலர்களையும் சேர்த்து வைக்கிறது. அங்கும் ஒரு பிரதி கொடுங்கள். அதற்கு முன், நன்றி நவிலல் பக்கத்தில் வீட்டு முகவரியோ தொலைபேசி இலக்கமோ இருந்தால் எடுத்துவிடுங்கள்.