பொன்னிற டிபி5: மாதிரிக் காரைத் திருத்தப் போய்க் கெடுக்கும் தவறுகள்

ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 காரின் டைகாஸ்ட் (உருக்கிய உலோகக் கலவையை அச்சில் வார்த்துச் செய்யும்) மாதிரிகளுள் மிகவும் புகழ்பெற்றது, பிரிட்டனின் கோர்கி டாய்ஸ் 1965 அக்டோபரில் 261 என்ற எண்ணுடன் வெளியிட்ட ஜேம்ஸ் பாண்ட் காராகும். திரைப்படத்தில் வந்த கார் வெள்ளிச் சாம்பல் நிறமுடையது. கோர்கியின் காரோ பொன்னிறம். இந்த முரண்பாட்டைக் கண்டு, யாரோ பெயின்டை மாற்றிவிட்டார்கள் என்று எண்ணி, பழைய பூச்சைக் கரைத்து வெள்ளி நிறம் அடிப்பதுதான் தவறுகளிலேயே பெரியது. வெள்ளி நிறம் அடித்தால் பெயின்ட் பூசாத வெறும் வார்ப்புபோலத் தெரியும் என்பதால்தான் நிறுவனமே பொன்னிறத்தைத் தேர்ந்தெடுத்தது. சுழலும் எண்பலகைகளுடன் 1968இல் வந்த வெள்ளி நிறக் கார், 270 என்ற எண்ணுடைய வேறொரு மாதிரி.

வடிவத்தைத் திருத்த முனைவோரும் உண்டு. இந்த மாதிரி, கோர்கி ஏற்கெனவே தயாரித்துவந்த டிபி4 மாதிரியின் வார்ப்பை மாற்றியமைத்து உருவாக்கப்பட்டது. ஆகவே உண்மையான டிபி5 காரின் படத்தை அருகில் வைத்துக்கொண்டு இதில் குறை தேடுவது வீண்வேலை. விளிம்புகளில் பெயின்ட் உதிர்ந்து சாம்பல் நிற உலோகம் எட்டிப்பார்க்கும் பழைய பூச்சு, பளபளக்கும் புதுப் பூச்சைவிட மேலானது என்பதே என் கருத்து.

அளவு விகிதத்தைக் கணக்கிடாமல் வாங்குவது அடுத்த தவறு. உண்மையான காரின் நீளம் ஏறத்தாழ 4.57 மீட்டர்; எனவே 1:43 (உண்மைக் காரில் 43இல் ஒரு பங்கு) மாதிரி 10.6 சென்டிமீட்டரும், 1:18 மாதிரி 25.4 சென்டிமீட்டரும் இருக்க வேண்டும். கோர்கியின் கார் 10 சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவானது என்பதால், 1:43 மாதிரிகளின் வரிசையில் நிறுத்தினால் கொஞ்சம் குள்ளமாகவே தெரியும்.

துடைக்கும்போது தின்னர் கூடவே கூடாது. மெழுகுப் பாலிஷும் வேண்டாம். கதவின் இடுக்கில் அது வெள்ளைக் கோடாக உறைந்துவிட்டால் எடுப்பது பெரும்பாடு. மென்மையான தூரிகை போதும். ஓக் மர அலமாரியில் மூடிவைப்பதும் தவறு. அந்த மரத்திலிருந்து கசியும் அமில ஆவி, கார் வார்க்கப்பட்ட துத்தநாகக் கலவையை அரிக்கும். இதையும், வார்ப்பில் ஈயம் கலந்ததால் உலோகமே உள்ளிருந்து வெடித்துப் பொடியும் நோயையும் ஒன்றென எண்ணிக் குழம்ப வேண்டாம். பிந்தையது பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய மாதிரிகளில் காணப்படுவது, அதற்கு மருந்தில்லை.

கிழிந்த அட்டைப்பெட்டியைச் செல்லோடேப்பால் ஒட்டாதீர்கள். பசை மஞ்சளாகி அச்சுக்குள் ஊறிவிடும். பெட்டியுடன் வந்த இரகசியக் குறிப்பு உறை பிரிக்கப்படாமல் இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். உள்ளே குறிப்புத்தாளோடு உதிரி மனித உருவம் ஒன்றும் இருக்கும். அந்த உருவம், காரிலுள்ள பொத்தானை அழுத்தினால் கூரை வழியாகத் தூக்கியெறியப்படும் பயணிக்கு மாற்றாகத் தரப்பட்டது. வாங்குமுன் பொத்தானை அழுத்திப் பார்க்க விரும்பினால், உள்ளங்கையால் கூரையை மூடிக்கொண்டு அழுத்துங்கள். கட்டைவிரல் நகமளவே உள்ள அந்தப் பயணி கடையின் சோபாவுக்கடியில் போய் விழுந்தால், தேடுவது நீங்களாகத்தான் இருக்கும்.