புறநகர் ஹைஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்: நாம் தட்டும் தப்பான கதவுகள்

சிகாகோவின் வடமேற்குப் புறநகரில் வீடு தேடும் நம்மவர்கள் முதலில் கேட்பது, "ஸ்கூல் ரேட்டிங் எவ்வளவு?" என்றுதான். பத்துக்கு எட்டோ ஒன்பதோ என்று பதில் வந்தால் மனசு நிறைந்துவிடும். ஏஜென்டும் அடுத்த அறையைக் காட்டக் கிளம்பிவிடுவார். அந்தப் பள்ளியை நடத்துவது யார், அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது, அந்த எட்டு எதை வைத்துப் போட்டது என்பதெல்லாம் ஏதாவது சிக்கல் வரும்போதுதான் நினைவுக்கு வரும். அப்போது பெரும்பாலும் தப்பான கதவைத் தட்டிக்கொண்டிருப்போம். இங்கே சொல்லப்போகும் தவறுகளில் பாதியை நானே செய்திருக்கிறேன்.

டிஸ்ட்ரிக்ட் என்றால் ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் தனி நிர்வாகம். உதாரணத்துக்கு டிஸ்ட்ரிக்ட் 211-ஐ எடுத்துக்கொள்கிறேன். இல்லினாயில் ஹைஸ்கூல் மட்டுமே நடத்தும் டிஸ்ட்ரிக்டுகளில் இதுதான் பெரியது. பாலடைன், ஃப்ரெம்ட், கோனன்ட், ஷாம்பர்க், ஹாஃப்மன் எஸ்டேட்ஸ் என்று ஐந்து பெரிய பள்ளிகள், ஏறக்குறைய 12,000 பிள்ளைகள்.

ஊர்ப் பெயரை நம்புவது

ஊர் எல்லை வேறு, டிஸ்ட்ரிக்ட் எல்லை வேறு. ஹாஃப்மன் எஸ்டேட்ஸில் ஒரு பகுதிப் பிள்ளைகள் 211-க்குப் போவார்கள். அதே ஊரின் மற்ற பகுதிகளில் யூ-46, 300, பேரிங்டன் 220 என்று டிஸ்ட்ரிக்ட் மாறிக்கொண்டே போகும். முகவரியில் மட்டும் எல்லோருக்கும் ஒரே ஊர். 211-க்குள் வந்துவிட்டாலும் கதை முடியவில்லை. கோனன்ட் ஹைஸ்கூல் இருப்பது ஹாஃப்மன் எஸ்டேட்ஸில், ஆனால் ஷாம்பர்க் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். "ஷாம்பர்க்கில் வீடு வாங்கினோம், ஷாம்பர்க் ஹைஸ்கூல்தானே" என்று கேட்டால், இருக்கலாம், இல்லாமலும் போகலாம். விளம்பரத்தில் போட்டிருக்கும் பள்ளிப் பெயரை நம்பாமல், கையெழுத்துப் போடும் முன் வீட்டு எண்ணைச் சொல்லி டிஸ்ட்ரிக்ட் ஆபீசிலேயே கேட்டுவிடுங்கள். இரண்டு நிமிஷ வேலை.

அப்புறம், ஒரே வீட்டுக்கு இரண்டு டிஸ்ட்ரிக்ட் இருக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஷாம்பர்க் பிள்ளை எட்டாம் வகுப்பு வரை டிஸ்ட்ரிக்ட் 54-இல் படிக்கும். பாலடைன் பக்கம் என்றால் டிஸ்ட்ரிக்ட் 15. ஒன்பதாம் வகுப்பிலிருந்துதான் 211. இரண்டுக்கும் தனித்தனி நிர்வாகக் குழு (போர்டு), தனித்தனி தலைமை நிர்வாகி (சூப்பரின்டென்டென்ட்), வரிச் சீட்டில் தனித்தனித் தொகை. நேப்பர்வில் 203 போன்ற இடங்களில் கிண்டர்கார்டனிலிருந்து பன்னிரண்டு வரை ஒரே நிர்வாகம். அங்கிருந்து இங்கே வருகிறவர்கள் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு செலவு என்ற கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "211 தண்டச்செலவு செய்கிறது" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஹைஸ்கூலுக்கு ஆய்வுக்கூடம், பாடவாரியாக ஆசிரியர்கள், விளையாட்டு என்று எப்போதும் செலவு கூடுதல். ஹைஸ்கூல் மட்டுமே நடத்தும் இடத்தில் அந்தச் செலவைச் சராசரியில் இறக்கிக் காட்ட ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கிடையாது. ஹைஸ்கூல் டிஸ்ட்ரிக்டை இன்னொரு ஹைஸ்கூல் டிஸ்ட்ரிக்டோடு ஒப்பிடுங்கள். பக்கத்திலேயே 214 இருக்கிறது.

மேயரிடம் போவது

ஊர் நிர்வாகத்துக்கும் பள்ளிக்கும் சம்பந்தமே இல்லை. சிகாகோ நகரத்தில் பல வருஷங்களாக மேயரே பள்ளி போர்டை நியமித்து வந்தார். செய்தியில் அதைப் பார்த்துப் பழகி, புறநகரிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். இங்கே அதிகாரம் ஏழு பேர் கொண்ட போர்டிடம். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், பதவிக்காலம் நான்கு வருஷம், சம்பளம் கிடையாது, கட்சிச் சின்னம் கிடையாது. அவர்கள் சூப்பரின்டென்டென்டை வேலைக்கு வைப்பார்கள், பட்ஜெட்டை ஏற்பார்கள், ஆசிரியர் சங்கத்தோடு போடும் ஒப்பந்தத்துக்கு ஓட்டளிப்பார்கள், விதிமுறைகளை மாற்றுவார்கள். தனி ஆளாக ஒரு போர்டு உறுப்பினருக்கு எந்த அதிகாரமும் இல்லை. கோயிலில் பார்த்துத் தனியாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார், ஆனால் அவரால் ஒரு பிள்ளையின் வகுப்பைக்கூட மாற்ற முடியாது.

வாஷிங்டன்தான் எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிறது என்பது இதற்கு நேர் எதிரான தவறு. பாடத்திட்டத்தை அங்கிருந்து யாரும் அனுப்புவதில்லை. பெரும்பாலும் சிவில் உரிமைச் சட்டம் வழியாகத்தான் அவர்கள் உள்ளே வருவார்கள். 2015-இல் ஒரு திருநங்கை மாணவி உடை மாற்றும் அறையைப் பயன்படுத்துவது பற்றி மத்திய கல்வித் துறையின் சிவில் உரிமை அலுவலகம் 211-க்கு எதிராக முடிவு சொன்னது. நாடே பேசியது. அந்த டிசம்பரில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. ஆனால் எல்லாத் திருநங்கை, திருநம்பி மாணவர்களுக்கும் முழு அனுமதி தரும் விதி வந்தது 2019 நவம்பரில்தான். அதை வாஷிங்டன் போடவில்லை, உள்ளூர் போர்டு 5-க்கு 2 என்று ஓட்டுப் போட்டு நிறைவேற்றியது. இடையில் நடந்த போர்டு தேர்தலில் இதுவே பெரிய சண்டை. எந்தப் பக்கம் நின்றவர்களாக இருந்தாலும், கடைசியில் அந்த ஏழு நாற்காலிகளைத்தான் பார்த்துப் பேச வேண்டியிருந்தது.

வரி ஏறினால் பள்ளிக்குக் கொண்டாட்டம் என்று நினைப்பது

நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அதிகம் கேட்கும் புலம்பல் இதுதான்: "வீட்டு மதிப்பை 30% ஏத்திட்டாங்க, ஸ்கூலுக்கு நல்ல வசூல்." அப்படி இல்லை.

211 போன்ற டிஸ்ட்ரிக்டின் வருமானத்தில் பெரும்பகுதி சொத்து வரிதான், சரி. ஆனால் மதிப்பு ஏறிய அளவுக்குப் பணம் ஏறாது. குக் கவுன்ட்டி புறநகருக்கு 1990களின் நடுவிலிருந்து வரி உச்சவரம்புச் சட்டம் உண்டு. போன வருஷம் வாங்கிய தொகைக்கு மேல் பணவீக்க அளவு அல்லது 5%, இரண்டில் எது குறைவோ அந்த அளவுதான் கூட்டலாம். புதிதாகக் கட்டிய கட்டடங்களுக்குத் தனிக் கணக்கு. அதை மீற வேண்டுமென்றால் மக்களிடம் ஓட்டுக் கேட்க வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு டிஸ்ட்ரிக்ட் போன வருஷம் 10 கோடி டாலர் வசூலித்தது, பணவீக்கம் 3% என்றால் இந்த வருஷம் 10.3 கோடி, அவ்வளவுதான். ஊரில் எல்லா வீடும் கடையும் இரண்டு மடங்கு மதிப்பு ஏறினாலும் அதே 10.3 கோடி, வரி விகிதம் ஏறக்குறைய பாதியாக இறங்கிவிடும். அப்படியானால் உங்கள் சீட்டு மட்டும் ஏன் எகிறியது? உங்கள் பங்கு மாறியதால். பொங்கல் விழாச் செலவைப் பத்துக் குடும்பம் பிரித்துக்கொள்ளும்போது பெரிய கை ஒன்று "இந்த வருஷம் என்னால் இவ்வளவுதான்" என்றால், செலவு ஏறாமலே மற்றவர்கள் பங்கு ஏறுமே, அதே மாதிரி. ஷாம்பர்க்கில் அந்தப் பெரிய கை உட்ஃபீல்ட் மால், அதைச் சுற்றிய அலுவலகக் கட்டடங்கள். வீடுகள் மதிப்பு ஏறி, அலுவலகங்கள் மதிப்பு சரிந்தாலோ அப்பீலில் குறைந்தாலோ, பாரம் வீடுகளின் தலையில் விழும். பள்ளிக்கு அதனால் கூடுதலாக ஒரு டாலரும் வராது.

வடபுறநகர்களில் மறுமதிப்பீடு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை: 2022, 2025 என்று. அந்தக் கடிதம் வந்ததும் நாம் பள்ளியைத் திட்டுவோம். பள்ளி எவ்வளவு கேட்கப்போகிறது என்று போர்டு முடிவெடுப்பது ஆண்டுதோறும் டிசம்பரில், நாம் விடுமுறைக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கும்போது. லெவி என்பார்கள். கேள்வி கேட்க வேண்டிய நேரம் அதுதான். பில் வந்தபிறகு கேட்பது கல்யாணம் முடிந்து ஜாதகம் பார்ப்பது. குக் கவுன்ட்டியில் முதல் தவணை போன வருஷ மொத்தத்தில் 55% என்பதால் அதில் புதுச் செய்தி எதுவும் இருக்காது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஷாம்பர்க் ஊராட்சி 2000களின் கடைசி வரை தனக்கென்று சொத்து வரியே வாங்கவில்லை. மால் தரும் விற்பனை வரியிலேயே ஓட்டிக்கொண்டிருந்தது. "ஷாம்பர்க்கில் வரி இல்லையாம்" என்று நம்பி வந்தவர்கள் முதல் சீட்டைப் பார்த்துத்தான் பள்ளிகளின் வரி என்று ஒன்று இருப்பதைத் தெரிந்துகொண்டார்கள்.

ரேட்டிங்கை மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்வது

வீடு தேடும் செயலியில் தெரியும் பத்துக்கு இத்தனை என்ற எண் தனியார் அமைப்பு போடுவது. தேர்வு மதிப்பெண்ணின் பங்கு அதில் அதிகம், தேர்வு மதிப்பெண்ணோ குடும்ப வருமானத்தோடு ஒட்டியே போகும். 211-க்குள்ளேயே பாருங்கள். ஃப்ரெம்டும் பாலடைன் ஹைஸ்கூலும் ஒரே போர்டின் கீழ், ஒரே சம்பளப் பட்டியலில் ஓடுபவை. பாலடைனில் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளும் ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைகளும் அதிகம். ஃப்ரெம்ட் எண்ணில் மேலே நிற்கும். அதை வைத்து ஃப்ரெம்ட் ஆசிரியர்கள் கெட்டிக்காரர்கள் என்று சொன்னால், அப்பல்லோவில் சளிக்கு வந்தவரையும் அரசு ஆஸ்பத்திரியில் விபத்தில் வந்தவரையும் ஒப்பிட்டு டாக்டருக்கு மார்க் போடுகிற கதைதான்.

மாநில அரசு ஆண்டுதோறும் அக்டோபர் கடைசி வாக்கில் வெளியிடும் இல்லினாய் ரிப்போர்ட் கார்டைப் பாருங்கள். அதில் மொத்தச் சராசரியை விட்டுவிட்டு, உங்கள் பிள்ளையைப் போன்ற பிள்ளைகளின் பிரிவைத் திறந்து பாருங்கள். எனக்குப் பிடித்த எண் அதில் ஒன்று உண்டு: ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை பேர் சரியான தடத்தில் இருக்கிறார்கள் என்பது. அந்த வருஷத்தில் போதுமான கிரெடிட் எடுத்து, முக்கியப் பாடங்களில் ஒரு செமஸ்டருக்கு மேல் தோற்காமல் இருந்தால் தடத்தில் இருப்பதாகக் கணக்கு. பிள்ளை ஹைஸ்கூலை முடிக்குமா என்பதை எட்டாம் வகுப்புத் தேர்வு மதிப்பெண்ணைவிட இது நன்றாகக் காட்டும் என்று சிகாகோ பல்கலைக்கழக ஆய்வுக் குழு காட்டியது. ஒரு பள்ளி தன் பிள்ளைகளைக் கைவிடுகிறதா, பிடித்துக்கொள்கிறதா என்று அதில் தெரியும். நம்மவர்கள் யாரும் அந்தப் பக்கத்தை மதிப்பதில்லை. ஏபி என்ற கல்லூரி நிலைப் பாடங்கள் எத்தனை, எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வில் மதிப்பெண் எவ்வளவு, அதோடு சரி.

வருஷத்துக்கு வருஷம் ஒப்பிடுவதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 2024 வரை பதினோராம் வகுப்புக்கு எஸ்ஏடிதான் மாநிலத் தேர்வு. ஆங்கிலத்திலும் கணக்கிலும் தலா 540 எடுத்தால்தான் தேர்ச்சி, எஸ்ஏடி நடத்துபவர்களே வைத்த அளவைவிட அது அதிகம். 2025-இல் ஏசிடி என்ற இன்னொரு நுழைவுத் தேர்வுக்கு மாறி, தேர்ச்சி அளவையும் மாற்றிவிட்டார்கள். திடீரென்று தேர்ச்சி விகிதம் ஏறியிருந்தால் பள்ளிக்கு மாலை போடாதீர்கள். அளவுகோலே மாறியிருக்கிறது.

போர்டு மீட்டிங்கில் சண்டைக்கு நிற்பது

எனக்குத் தெரிந்த ஒருவர், மகளை ஒன்பதாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் ஒரு படி கீழே போட்டுவிட்டார்கள் என்று கொதித்துப்போய் மீட்டிங்குக்குப் போனார். மைக் முன்னால் சின்னக் கடிகாரம், மூன்று நிமிஷம். நன்றாகத்தான் பேசினார். மணி அடித்ததும் தலைவர் "நன்றி" என்று சொல்லி அடுத்த பெயரைக் கூப்பிட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. அவமானப்படுத்திவிட்டார்கள் என்று அன்றிரவு முழுக்கப் புலம்பினார். உண்மையில் அவர் போனது எட்டாம் வகுப்பு வரைக்குமான போர்டுக்கு. அவர்களுக்கு அந்த விஷயத்தில் கையே இல்லை. சரியான போர்டாக இருந்தாலும் பொதுமக்கள் பேசும் நேரத்தில் பதில் சொல்லாமல் இருப்பது பல இடங்களில் வழக்கம்தான். தனிப் பிள்ளையின் விஷயம் ஆசிரியர், கவுன்சிலர், துறைத் தலைவர், பிரின்சிபல் என்று படியேற வேண்டியது. போர்டு என்பது விதியைப் பற்றிப் பேசும் இடம்.

குடியுரிமை இல்லை, எச்-1பியில் இருக்கிறோம், நாம் எப்படிப் பேசுவது என்று ஒதுங்குவதும் தவறுதான். இல்லினாய் திறந்த கூட்டச் சட்டப்படி யாரும் எழுந்து பேசலாம். விசா கேட்க மாட்டார்கள். நிகழ்ச்சி நிரலை 48 மணி நேரம் முன்பே வெளியிட வேண்டும். ஊழியர் விஷயம், சங்கப் பேச்சுவார்த்தை போன்றவற்றை மூடிய அறையில் பேசலாம், ஆனால் இறுதி ஓட்டு வெளியில்தான். ஆவணம் வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள், ஐந்து வேலை நாளில் பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் காரணம் சொல்லி நீட்டித்துக்கொள்வதாக உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஓட்டுப் போடவும் போட்டியிடவும்தான் குடியுரிமை வேண்டும். வேட்புமனுவுக்குத் தேவை 50 வாக்காளர்களின் கையெழுத்து; நம் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் முன்வரிசைகளிலேயே கிடைத்துவிடும். தேர்தல் ஒற்றைப்படை வருஷங்களின் ஏப்ரலில் வருகிறது. நவம்பர் தேர்தலுக்கு வரிசையில் நிற்கும் கூட்டத்தில் பெரும்பகுதி அதற்கு வருவதில்லை. அடுத்தது 2027 ஏப்ரல் 6, செவ்வாய்க்கிழமை.