பிராட் புஷ்ஷரில் ஆணி வளைகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பீடிங் (ஓரங்களில் பதிக்கும் மெல்லிய மரப்பட்டை), படச்சட்டம், அலமாரியின் பின்பலகை போன்ற மெல்லிய வேலைகளுக்கு 12 முதல் 25 மி.மீ. நீளமுள்ள சின்ன ஆணிகளே போதும். ஆனால் அவற்றை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு சுத்தியலால் அடிப்பது எரிச்சலூட்டும் வேலை. விரல் நசுங்கும், அல்லது அடி தவறிப் பீடிங்கில் சுத்தியல் தடம் விழும். இந்தத் தொல்லைக்கான கைக்கருவிதான் பிராட் புஷ்ஷர். பின் புஷ்ஷர் என்றும் சொல்வார்கள்.

அமைப்பு எளிது. உள்ளங்கைக்கு அடங்கும் ஒரு கைப்பிடி. அதில் அசையாமல் பொருத்திய உருக்குத் தண்டு, அதன் நுனியில் காந்தம். தண்டைச் சுற்றி ஒரு குழாய், அதை வெளியே தள்ளி நிறுத்தும் ஸ்பிரிங். ஆணியைத் தலை உள்ளே போகும்படி குழாயில் விட்டால் காந்தம் பிடித்துக்கொள்ளும். குழாயின் வாயை மரத்தில் வைத்துக் கைப்பிடியை அழுத்தினால் குழாய் கைப்பிடிக்குள் பின்வாங்கும். தண்டு ஆணியை மரத்துக்குள் தள்ளும்.

இதில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் ஒரே எதிர்பார்ப்பிலிருந்து வருபவை: சுத்தியல் செய்வதையெல்லாம் இதுவும் செய்துவிடும் என்பது. ஆணியை நேராகப் பிடித்து, கைபலம் எவ்வளவோ அவ்வளவு ஆழம் இறக்குவதுதான் இதன் வேலை. அதற்கு மேல் தேவைப்படும் இடத்தில் வேறு கருவியை எடுக்க வேண்டும்.

குழாய்க்குப் பொருந்தாத ஆணி

மெல்லிய கம்பியை நுனியில் அழுத்தினால் நடுவில் வளைந்துகொள்ளும். பிடிமானம் இல்லாமல் நிற்கும் நீளம் பாதியானால் அது தாங்கும் பாரம் நான்கு மடங்காகிறது. குழாய் செய்யும் உதவி இதுதான்: ஆணியைச் சுற்றி நின்று பக்கவாட்டில் சாயவிடாமல் தடுக்கிறது. ஆனால் குழாயின் உள்விட்டம் 4 மி.மீ., ஆணியின் கனம் 1 மி.மீ., தலையும் சிறியது என்றால் ஆணி உள்ளேயே சாய்ந்து நிற்கும். அந்த நிலையில் அழுத்தினால் குழாய் இருந்தும் பயனில்லை. ஆணியின் தலை குழாய்க்குள் தடையில்லாமல் ஓட வேண்டும், அதேசமயம் தாராளமாக ஆடவும் கூடாது. வாங்கும்போதே வழக்கமாகப் பயன்படுத்தும் ஆணி ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்ப்பது நல்லது.

கனத்தையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. 18 கேஜ் ஆணி ஏறக்குறைய 1.2 மி.மீ. கனம். அதே நீளமுள்ள 1 மி.மீ. ஆணியைவிட அது வளையாமல் தாங்கும் பாரம் ஏறக்குறைய இரு மடங்கு. வெறும் 0.2 மி.மீ.க்கு இவ்வளவு வித்தியாசமா என்று தோன்றலாம். விறைப்பு கனத்தின் நான்காம் படியில் ஏறுவதால்தான் இப்படி. ஆணி அடிக்கடி வளைந்தால் கையைக் குறை சொல்லும் முன் ஒரு படி கனமான ஆணியைப் போட்டுப் பாருங்கள். மறுபக்கம், 1.6 மி.மீ.க்கு மேல் போனால் கைபலத்துக்கு மீறிவிடும். அது சுத்தியலுக்கான ஆணி.

நீளத்தில் நடக்கும் தவறு வேறு வகை. “நீளமாக இருந்தால் நன்றாகப் பிடிக்கும்” என்று 6 மி.மீ. பீடிங்குக்கு 30 மி.மீ. ஆணியை எடுப்பார்கள். மேலே இருக்கும் மெல்லிய துண்டின் கனத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு நீளம் இருந்தால் போதும். 6 மி.மீ. பீடிங்குக்கு 18 அல்லது 20 மி.மீ. வாங்குங்கள். கீழே இருக்கும் மரம் வெறும் 12 மி.மீ. என்றால் அதுவும் நீளம், 15 மி.மீ. ஆணியே சரி, இல்லாவிட்டால் முனை மறுபக்கம் எட்டிப் பார்க்கும்.

காந்தம் பிடிக்காதவை

பித்தளை, செம்பு, அலுமினிய ஆணிகளைக் காந்தம் பிடிக்காது. துருப்பிடிக்காத எஃகில் 304, 316 வகைகளும் பெரும்பாலும் அப்படித்தான். இவற்றைப் போட்டுக் கருவியைக் கவிழ்த்தால் ஆணி கீழே விழும். உடனே “காந்தம் செத்துவிட்டது” என்று முடிவுகட்ட வேண்டாம். தண்டின் நுனியில் துளி தேன்மெழுகு தடவினால் ஆணியின் தலை ஒட்டி நிற்கும். கிரீஸ் வேண்டாம், அது மரத்தில் கறையாக இறங்கும்.

காந்தம் உண்மையிலேயே பலவீனமாகத் தெரிந்தால், முதலில் குழாய்க்குள் விளக்கடித்துப் பாருங்கள். இரும்புத்தூளும் ஆணிப் பொருக்கும் நுனியில் தாடி போல அப்பிக்கொண்டிருக்கும். ஆணித்தலை தண்டில் தட்டையாக உட்காராமல் கோணலாக நிற்பதற்கும் இதுவே காரணம். துணியால் துடைத்தால் தூள் இடம் மாறுமே தவிரப் போகாது. குச்சியின் நுனியில் ஒட்டும் நாடாவைப் பிசின் பக்கம் வெளியே இருக்குமாறு சுற்றி, உள்ளே விட்டு எடுத்தால் வந்துவிடும்.

குறியைப் பார்க்காமல் அழுத்துவது

ஆணி குழாயின் ஆழத்தைவிடக் குட்டையாக இருந்தால் முழுவதும் உள்ளே மறைந்துவிடும். வாயைப் பென்சில் குறியின் மேல் உத்தேசமாக வைத்து அழுத்தினால் ஆணி ஒன்றிரண்டு மி.மீ. தள்ளி இறங்கும். பரந்த பலகையில் பரவாயில்லை, 8 மி.மீ. அகல பீடிங்கில் அந்த வித்தியாசம் ஓரத்தைப் பிளந்துவிடும்.

செய்ய வேண்டியது: குழாயை இன்னொரு கையின் விரல்களால் சற்றுப் பின்னுக்கு இழுத்து, ஆணியின் முனை 1 அல்லது 2 மி.மீ. வெளியே தெரியும்படி பிடியுங்கள். முனையைக் குறியில் குத்தி நிறுத்துங்கள். பிறகு குழாயை விட்டால் வாய் மரத்தில் உட்காரும். அதன் பிறகே அழுத்தம். வாய் வட்டமாக முழுவதும் மரத்தைத் தொட வேண்டும். ஒரு பக்கம் தூக்கியிருந்தால், அந்தச் சின்ன இடைவெளியில் ஆணிக்குப் பிடிமானம் இல்லை. முதல் வளைவு அங்கேதான் விழும்.

கை வைக்கும் விதம்

கைப்பிடியின் தலை உள்ளங்கையின் நடுவில் இருக்க வேண்டும். மணிக்கட்டு நேராக, முழங்கை கருவியின் நேர்கோட்டில். உடல் எடையை மெதுவாகச் சாய்த்து, ஒரே தொடர்ச்சியாக அழுத்துங்கள். வெட்டி வெட்டி அழுத்தினால் ஒவ்வொரு முறையும் கோணம் மாறும். வேலை மேசை இடுப்பளவில் இருந்தால் எடை தானாக இறங்கும். தோள் உயரத்தில் செய்தால் கைபலம் மட்டுமே மிச்சம், அதுவும் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

இன்னொரு கை எங்கே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். 4 மி.மீ. பிளைவுட்டைப் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டு முன்னால் அழுத்துகிறவர்கள் உண்டு. விரல் நசுங்காது என்ற நம்பிக்கையில் கருவியை வாங்கிவிட்டு, உள்ளங்கையில் ஆணி ஏற்றிக்கொள்வது இப்படித்தான். ஆணி போகும் பாதைக்கு நேர் பின்னால் கை இருக்கவே கூடாது. தாங்கல் தேவையென்றால் மரக்கட்டையோ கிளாம்ப்போ தாங்கட்டும். வளைந்த ஆணி சில நேரம் தெறிக்கும் என்பதால் கண்ணாடி அணிவதும் அவசியம்.

மரத்தைப் படிக்காமல் அழுத்துவது

மென்மரத்திலும் பிளைவுட்டின் முகத்திலும் ஆணி வழுக்கிக்கொண்டு இறங்கும். கடின மரத்தில் பாதியில் நிற்கும். நின்ற இடத்தில் முழு பலத்தையும் கொடுப்பதுதான் பெரிய தவறு. அதற்கு முன்னாலேயே சிறு துளை போட்டிருக்க வேண்டும். 1.2 மி.மீ. ஆணிக்கு 0.9 அல்லது 1 மி.மீ. டிரில் பிட் போதும். ஆணியின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆழம் துளைத்தால் கடைசிப் பங்கு மரத்தை இறுக்கிப் பிடிக்கும். அந்த அளவு பிட் இல்லையென்றால், அதே ஆணி ஒன்றின் தலையைக் கத்தரித்து டிரில்லில் மாட்டினாலும் சுமாராக வேலை நடக்கும்.

எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையின் முகம் ஒத்துழைக்கும், விளிம்பு ஒத்துழைக்காது. விளிம்பில் நேரடியாக ஏற்றினால் பலகை இரண்டாக விரியும். பிளைவுட்டின் விளிம்பில் அடுக்குகள் பிரியும். இரண்டிலும் துளையும் வேண்டும், ஆணியும் மெல்லியதாக இருக்க வேண்டும்.

பலகையின் முனையிலிருந்து எவ்வளவு தள்ளி ஏற்றுவது? துளை போடாத நிலையில் ஆணிக் கனத்தின் பத்துப் பன்னிரண்டு மடங்காவது விடுங்கள், 1.2 மி.மீ. ஆணிக்கு 12 முதல் 15 மி.மீ. வரை. ஒரே நார்க்கோட்டில் வரிசையாக ஏற்றாமல் சற்று ஏறுமாறாக வையுங்கள். ஒரே கோட்டில் போனால் ஒவ்வொரு ஆணியும் முந்தைய விரிசலை நீட்டிக்கொண்டே போகும். முனையை லேசாகத் தட்டி மழுக்கினால் பிளவு குறையும் என்பது உண்மை: கூரான முனை நார்களை விலக்கிப் பிளக்கிறது, மழுங்கிய முனை நசுக்கி அறுத்துக்கொண்டு போகிறது. ஆனால் மழுங்கிய முனைக்குக் கூடுதல் அழுத்தம் வேண்டும் என்பதால், புஷ்ஷரோடு இந்த வித்தையை மென்மரத்தில் மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

பாதி இறங்கிய ஆணியும் சுத்தியலும்

ஆணி நின்றுவிட்டது. கைப்பிடியின் மேல் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டலாமா? கைப்பிடியின் தலையில் அடிக்கென்றே உருக்குத் தொப்பி வைத்த மாடல் என்றால் லேசாகத் தட்டலாம். மற்றவற்றில் மரக் கைப்பிடி பிளக்கும், பிளாஸ்டிக் வெடிக்கும், உள்ளே தண்டு வளையும். தண்டு ஒருமுறை வளைந்துவிட்டால் குழாய் அதில் உரசிக்கொண்டு சீராக ஓடாது, கருவி அவ்வளவுதான்.

கருவியை எடுத்துவிட்டு, நேராக நிற்கும் ஆணியை 100 கிராம் அளவுள்ள சிறு சுத்தியலால் அடியுங்கள். கடைசி 2 மி.மீ.க்கு நெயில் பன்ச் (ஆணித்தலையின் மேல் வைத்து அடிக்கும் சிறு உருக்குக் கம்பி) வையுங்கள், சுத்தியல் மரத்தைத் தொடாது. பன்ச்சின் நுனி ஆணித்தலையைவிடச் சற்றுச் சிறியதாக இருக்க வேண்டும், 2 மி.மீ. தலைக்கு 1.5 மி.மீ. நுனி. பெரிய நுனி வைத்தால் துளையும் பெரிதாகும், அடைக்கும் பட்டியும் கண்ணுக்குத் தெரியும். மரப்பரப்புக்குக் கீழே 1 மி.மீ. இறக்கினாலே பட்டி நிற்கும்.

வளைந்த ஆணியை எந்த நிலையிலும் தள்ளி முடிக்கப் பார்க்காதீர்கள். குறடின் கீழே மெல்லிய பலகைத் துண்டை வைத்து இழுத்துவிட்டு, புது ஆணியை அதே துளையில் அல்லாமல் 8, 10 மி.மீ. தள்ளி ஏற்றுங்கள். பழைய துளை ஏற்கெனவே கோணலாகிவிட்டது. புது ஆணியும் அதே வழியில்தான் போகும்.

சிமென்ட் பூசிய சுவர், செங்கல் பக்கம் இந்தக் கருவியைக் கொண்டுபோகவே வேண்டாம்.

படச்சட்டத்தில் மட்டும் நடக்கும் தவறுகள்

பின்பலகையைப் பிடித்து நிறுத்த, சட்டத்தின் உட்பக்கத்தில் பக்கவாட்டாக ஆணி ஏற்றும் வேலைக்குப் புஷ்ஷர் மிகவும் பொருத்தம். சுத்தியல் வீச இடமே இல்லாத இடம் அது. ஆனால் உள்ளிருந்து வெளியே தள்ளும் அழுத்தம் மூலை மூட்டுகளைத் திறந்துவிடும். எந்தச் சட்டத்துண்டில் ஆணி ஏறுகிறதோ அதே துண்டின் வெளிப்பக்கத்தில் கட்டை வைத்து மேசையோடு கிளாம்ப் போட வேண்டும். எதிர்த்துண்டை முட்டுக்கொடுத்தால் போதும் என்று நினைத்தால், பாரம் முழுவதும் மூட்டுகள் வழியாகத்தான் போகும்.

அடுத்தது கோணம். கைப்பிடியின் கனம் 30 மி.மீ. என்றால், பின்பலகையின் மேல் கருவியைப் படுக்க வைக்கும்போது கைப்பிடிப் பக்கம் உயர்ந்தும் வாய்ப் பக்கம் தாழ்ந்தும் இருக்கும். ஆணி நேராகப் போகாமல் சட்டத்தின் முகப்பை நோக்கிச் சரிந்து இறங்கும். 25 மி.மீ. ஆணி போட்டால் முனை முகப்பில் வெளியே வர வாய்ப்புண்டு. இங்கே 12 மி.மீ. ஆணிக்கு மேல் தேவையே இல்லை.

மேலும் இந்த வேலையில் ஆணி முழுவதும் இறங்கக் கூடாது. பலகையைப் பிடிக்க 6 மி.மீ. வெளியே நிற்க வேண்டும். குழாய் மறைப்பதால் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் முழுக்க இறக்கிவிடுவார்கள். ஆணி இல்லாமல் கருவியை ஒரு கட்டையில் கடைசிவரை அழுத்தி, கைப்பிடியின் விளிம்பு நிற்கும் இடத்தில் குழாயின் மேல் மார்க்கரால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டிலிருந்து வாய்க்கு எதிர்ப்பக்கமாக, கைப்பிடியை நோக்கி 6 மி.மீ. தள்ளி இன்னொரு கோடு. அழுத்தும்போது கைப்பிடியின் விளிம்பு இந்த இரண்டாம் கோட்டைத் தொட்டதும் நிறுத்தினால் சரியாக 6 மி.மீ. மிஞ்சும். தண்டின் நுனி குழாய் வாயோடு சமமாக வந்து நிற்கும் மாடல்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். சற்று வெளியே நீட்டும் மாடலில் அந்த நீட்டத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எண்ணெய் விடுவது

குழாய் சிக்குகிறது என்றதும் எண்ணெய் விடுவார்கள். அதில் மரத்தூள் ஒட்டிக் கெட்டியாகி, முன்பைவிட மோசமாகச் சிக்கும். சிலிகான் ஸ்பிரே இன்னும் மோசம்: துளி மரத்தில் பட்டாலும் வார்னிஷ் அந்த இடத்தில் ஒட்டாமல் குழி குழியாக விலகும், தேய்த்தாலும் எளிதில் போகாது. குழாயைக் கழற்ற முடிந்தால் கழற்றி, ஸ்பிரிட் நனைத்த துணியால் தண்டைத் துடைத்து, மெழுகுவத்தியை லேசாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் ஒருமுறை இழுத்துவிட்டு மாட்டுங்கள்.