பெர்லினுக்கு ஒரு வார இறுதி: ஜெர்மனியில் படிக்கும் மாணவர் குழுவுக்கு

ஜெர்மனியில் முதல் செமஸ்டர் தொடங்கிச் சில வாரங்கள் ஆனதும், வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் பெர்லினுக்குப் போகலாமா என்று கேட்பார். ஐந்தே நிமிடத்தில் பதினான்கு பேர் வருவதாகச் சொல்வார்கள். புறப்படும் வெள்ளிக்கிழமை மாலையில் நடைமேடையில் ஒன்பது பேர் நிற்பார்கள். அந்த ஒன்பது பேரும் ஞாயிறு இரவு மனக்கசப்பு இல்லாமல் திரும்பி வர, பயண ஏற்பாட்டைத் தலையில் போட்டுக்கொண்டவர் என்ன செய்ய வேண்டும் என்பதை, மூன்று முறை அந்தப் பொறுப்பை ஏற்ற அனுபவத்தில் எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடிப்படையான விதி ஒன்றுதான்: குழுவில் ஆள் கூடக் கூட, பார்க்கும் இடங்களைக் குறைக்க வேண்டும். தனியாக ஒரு நாளில் ஆறு இடங்களைப் பார்த்துவிடக் கூடியவரால், ஒன்பது பேரை வைத்துக்கொண்டு மூன்று இடங்களுக்கு மேல் பார்க்க முடியாது; ஒருவர் கழிப்பறைக்குப் போவதற்குச் சில்லறை தேடி, போய்த் திரும்புவதற்குள் கால் மணி நேரம் கரைந்துவிடும்.

தேதி முடிவானவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, ரயில் சீட்டு வாங்குவதோ விடுதியைத் தேடுவதோ அல்ல. ஜெர்மன் நாடாளுமன்றமான ரைஷ்டாக் கட்டடத்தின் கண்ணாடிக் குவிமாடத்துக்குப் பெயர்களைப் பதிவு செய்வது. நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 1999இல் திறக்கப்பட்ட அந்தக் குவிமாடத்துக்குக் கட்டணம் எதுவும் இல்லை. ஆனால் நாடாளுமன்றத்தின் இணையதளத்தில் ஒவ்வொருவரின் பெயரையும் பிறந்த தேதியையும் கொடுத்து முன்கூட்டியே பதிய வேண்டும். வார இறுதி நேரங்கள் விரைவில் நிரம்பிவிடும். பதிவில் உள்ள பெயரை வாசலில் கடவுச்சீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்பதால், தமிழ் மாணவர்கள் இங்கே ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். நம் பெயருக்கு முன்னால் நிற்கும் தலைப்பெழுத்து சிலருடைய கடவுச்சீட்டில் தகப்பனார் பெயராக விரிந்து குடும்பப்பெயர் இடத்தில் இருக்கும். சிலருக்கு அந்த இடமே காலியாக இருக்கும். கல்லூரியில் கூப்பிடும் பெயரையோ வாட்ஸ்அப்பில் தெரியும் பெயரையோ நம்பி நிரப்பாமல், ஒவ்வொருவரிடமும் கடவுச்சீட்டின் விவரப் பக்கத்தைப் படமாகக் கேட்டு வாங்கி, எழுத்துக்கு எழுத்து பார்த்து நிரப்புங்கள். பதிவு முடிந்ததும் அந்தப் படங்களை அழித்துவிடுவது மரியாதை.

அடுத்தது போக்குவரத்து. பல்கலைக்கழகம் தந்திருக்கும் செமஸ்டர் டிக்கெட் நாடு முழுவதும் செல்லுபடியாகும் டாய்ச்லாண்ட் டிக்கெட் வகையைச் சேர்ந்தது என்றால், பாதி வேலை முடிந்தது. 2023 மே மாதம் மாதக் கட்டணமாக 49 யூரோவில் தொடங்கி, 2025 ஜனவரியில் 58 யூரோவாகவும் 2026 ஜனவரியில் 63 யூரோவாகவும் உயர்ந்த அந்த டிக்கெட், மாணவர்களுக்குக் குறைந்த விலையில் கிடைக்கிறது. வட்டார ரயில்களிலும் பெர்லினின் எஸ்-பான் (புறநகர் ரயில்), யூ-பான் (சுரங்க ரயில்), ட்ராம், பேருந்து எல்லாவற்றிலும் செல்லும். ஐசிஇ, ஐசி போன்ற விரைவு ரயில்களில் செல்லாது. மாக்டபூர்கில் படிப்பவர்கள் ஆர்இ 1 என்ற வட்டார ரயிலில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் பெர்லின் வந்துவிடும் என்பதால் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆகன் போன்ற மேற்கு எல்லை நகரங்களிலிருந்து வருபவர்கள் வட்டார ரயில்களிலேயே வர நினைத்தால் ஒரு முழு நாள் போய்விடும், அவர்கள் சில வாரங்களுக்கு முன்பே விரைவு ரயிலிலோ தொலைதூரப் பேருந்திலோ மலிவான இடங்களைப் பிடித்துவிடுவது நல்லது. டிக்கெட் கைபேசியில்தான் இருக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. சார்ஜ் தீர்ந்தால் டிக்கெட்டும் இல்லை. ஒன்பது பேருக்குக் குறைந்தது இரண்டு பவர் பேங்க் வேண்டும்.

அத்தகைய டிக்கெட் இல்லாதவர்கள் குழுவில் இருந்தால், ஐந்து என்ற எண்ணை மனத்தில் வைத்துக் கணக்குப் போடுங்கள். ஜெர்மனியில் குழுச் சீட்டுகள் பெரும்பாலும் ஐந்து பேர் வரைக்கும்தான். நாடு முழுவதும் வட்டார ரயில்களில் ஒரு நாள் செல்ல உதவும் க்வெர்-டுர்ஷ்ஸ்-லாண்ட் டிக்கெட்டும் அப்படித்தான், பெர்லினுக்குள் 24 மணி நேரம் சுற்றிவரத் தரும் சிறு குழுச் சீட்டும் அப்படித்தான். முன்னது வெள்ளிக்கிழமைகளில் காலை 9 மணிக்குப் பிறகே செல்லும். சனி, ஞாயிறுகளில் நள்ளிரவிலிருந்தே செல்லும். நகரத்தின் யூ-பானுக்கு அது பொருந்தாது. ஆகவே தொடக்கத்திலேயே பெரிய குழுவை ஐந்துக்கு மிகாத சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சீட்டை வைத்திருக்க ஒருவரை நியமித்துவிட்டால், யாரைக் காணோம் என்று எண்ணிப் பார்ப்பதும் எளிதாகிவிடும்.

இயந்திரத்தில் வாங்கும் காகிதச் சீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். என் முதல் பயணத்தில் எங்களில் ஒருவர் சீட்டை வாங்கிப் பணப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு ரயிலில் ஏறிவிட்டார். இரண்டு நிறுத்தங்கள் தாண்டியதும், சாதாரண உடையில் பக்கத்தில் நின்றிருந்தவர் அடையாள அட்டையை நீட்டிச் சீட்டைக் கேட்டார். சீட்டு இருந்தது, அதன் மேல் முத்திரைதான் இல்லை. நடைமேடையில் இடுப்பளவு உயரத்தில் ஒரு சிறு பெட்டி இருக்கும். அதன் வாயில் சீட்டின் முனையைச் செருகினால் ‘டக்’ என்ற ஓசையோடு நேரமும் தேதியும் பதியும். அப்படிப் பதியாத சீட்டு, வாங்காத சீட்டுக்குச் சமம். அபராதம் 60 யூரோ. தெரியாது என்று சொல்லிப் பயனில்லை, நாங்கள் சொல்லிப் பார்த்தோம்.

விடுதியைப் பொறுத்தவரை அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. எஸ்-பான் அல்லது யூ-பான் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதே முக்கியம். வெள்ளி, சனி இரவுகளில் யூ-பான் விடியவிடிய ஓடுவதால் நகர மையத்திலேயே அதிக வாடகை கொடுத்துத் தங்கத் தேவையில்லை. ஆட்களின் எண்ணிக்கை ஒரு வரம்பைத் தாண்டினால் பல விடுதிகள் அதைக் குழு முன்பதிவாகக் கருதி, ரத்து செய்யும் விதிகளைக் கடுமையாக்கிவிடும் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெர்லினில் அறை வாடகையின் மேல் 7.5 விழுக்காடு நகர வரியும் உண்டு. அலமாரிக்குப் பூட்டு நம்முடையதாக இருக்கட்டும்.

இனி எதைப் பார்ப்பது என்ற கேள்வி. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதன் வழியே நகரத்தைப் பார்ப்பதே குழுவுக்கு ஏற்றது என்பது என் கருத்து. பெர்லினில் அந்தப் பொருள் 1961 ஆகஸ்ட் 13 முதல் 1989 நவம்பர் 9 வரை, தன் மக்கள் மேற்குக்குப் போகாமல் தடுக்கக் கிழக்கு ஜெர்மனி எழுப்பி, நகரத்தைக் கிழக்கு, மேற்கு என்று பிளந்து நின்ற சுவர். பெரும்பாலான குழுக்கள் நேராக, அந்நாளைய எல்லைச் சோதனைச் சாவடியான செக்பாயிண்ட் சார்லிக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு ஏமாற்றத்தோடு திரும்புகின்றன. நீங்கள் சனிக்கிழமை காலையில் நோர்ட்பான்ஹோஃப் நிலையத்தில் இறங்குங்கள். நகரம் பிரிந்திருந்த காலத்தில் மேற்கு பெர்லினின் ரயில்கள் கிழக்குப் பகுதிக்குக் கீழே செல்லும்போது நிற்காமல் கடந்துபோன ‘பேய் நிலையங்களில்’ இதுவும் ஒன்று. அதைப் பற்றிய கண்காட்சி நிலையத்துக்குள்ளேயே இருக்கிறது. வெளியே வந்தால் பெர்னாவர் ஷ்ட்ராஸ தெரு. அந்தத் தெருவின் ஒரு வரிசை வீடுகள் கிழக்குக்குச் சொந்தம், அவற்றின் வாசலில் இருந்த நடைபாதையோ மேற்குக்குச் சொந்தம். கதவுகளை அடைத்தபோது மக்கள் சன்னல் வழியாகக் குதித்தார்கள். 1961 ஆகஸ்ட் 22 அன்று அப்படிக் குதித்த ஈடா சீக்மன் உயிரிழந்தார். சுவர் இடிக்கப்பட்ட இடங்களில் அதன் தடத்தைத் துருப்பிடித்த இரும்புக் கம்பிகள் வரிசையாக நின்று காட்டுகின்றன. ஆள் புகும் அளவுக்கு இடைவெளி விட்டு நிற்கும் அந்தக் கம்பிகளுக்கு ஊடே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து பார்க்கும்போதுதான் எதைத் தடுத்திருந்தார்கள் என்பது உறைக்கும். எதிரே இருக்கும் கோபுரத்தில் ஏறினால், காவல் மாடத்தோடு அப்படியே பாதுகாக்கப்பட்ட ஒரு பகுதியை மேலிருந்து பார்க்கலாம். சற்றுத் தள்ளி, 1985இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட தேவாலயத்தின் இடத்தில், அதன் இடிபாடுகளைக் கலந்து மண்ணால் எழுப்பிய சிறு வழிபாட்டுக்கூடம் நிற்கிறது. இவை எல்லாமே இலவசம். இங்கே மட்டும் அவசரப்படாமல் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

பிறகு அதே நிலையத்திலிருந்து தெற்கே செல்லும் எஸ்-பானில் ஏறி, ஒரு காலத்தில் இருண்டு கிடந்த அதே சுரங்கப்பாதை வழியாக மூன்றாவது நிறுத்தமான பிராண்டன்பர்க் வாயிலில் இறங்கலாம். அங்கே தரையில் இரட்டை வரிசைக் கற்கள் பதித்திருப்பதைக் கவனியுங்கள். சுவர் நின்ற கோடு அது. பக்கத்தில், நாஜிகளால் கொல்லப்பட்ட யூதர்களுக்காக 2,711 கான்கிரீட் பாளங்களைக் கொண்டு அமைத்த நினைவிடம் இருக்கிறது. அவற்றின் மேல் ஏறி நின்று படம் எடுப்பவர்கள் எல்லா நாட்டிலிருந்தும் வருகிறார்கள். உங்கள் குழுவில் யாரும் அப்படிச் செய்யாதபடி முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சனிக்கிழமைப் பிற்பகலில் குழுவைக் கலைத்துவிடுங்கள். இதைச் சொன்னால் சிலர் முகம் சுருங்கும், ஆனாலும் செய்யுங்கள். அருங்காட்சியகத் தீவுக்குப் போக விரும்புபவர்கள் நோயஸ் அருங்காட்சியகத்தில் பண்டைய எகிப்து அரசி நெஃபர்டிட்டியின் சிலையைப் பார்க்கட்டும். பெர்கமோன் அருங்காட்சியகம் சீரமைப்புக்காக 2023 அக்டோபரிலிருந்து மூடியிருப்பதால் அதை நம்பிப் போக வேண்டாம். கடைவீதிக்குப் போக விரும்புபவர்களும் அன்றே போய்விட வேண்டும், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறக்காது. தலைமை ரயில் நிலையம் போன்ற பெரிய நிலையங்களுக்குள் இருக்கும் சில கடைகள் மட்டுமே விதிவிலக்கு. ஞாயிறு காலை உணவுக்கு வேண்டியதையும் சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் ரைஷ்டாக் வாசலில், பதிந்த நேரத்துக்கு அரை மணி முன்பே அனைவரும் கடவுச்சீட்டோடு கூடுவது என்று முடிவு செய்தால் போதும். அந்தி நேரத்தில் குவிமாடத்தின் சுழல்பாதையில் ஏறும்போது, காலையில் நடந்த நகரம் கீழே விளக்கேற்றிக்கொள்வதைப் பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் இடம் போதும். 1.3 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுவர் ஓவியங்களோடு நிற்கும் ஈஸ்ட் சைட் கேலரிக்குக் கூட்டம் சேருமுன் போய், ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்துவிடுங்கள். திரும்பும் ரயிலாகக் கடைசி ரயிலைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அதற்கு முந்தையதை எடுங்கள். வார இறுதியில் தண்டவாளப் பணி நடந்தால் ரயிலுக்குப் பதிலாகப் பேருந்து விடுவார்கள், அறிவிப்பில் எஸ்இவி என்று இருக்கும். புறப்படும் நாள் காலையில் செயலியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ரயிலில் உட்கார்ந்ததும் செய்ய வேண்டிய ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. காலியான பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களை ஒருவர் பையில் சேர்த்துக்கொள்ளட்டும், ஒவ்வொன்றுக்கும் 25 செண்ட் திரும்பக் கிடைக்கும். மற்றவர்கள் செலவுக் கணக்கை அங்கேயே தீர்த்து, ஊர் வருவதற்குள் பணத்தை அனுப்பிவிட வேண்டும். மறுநாள் தருகிறேன் என்று சொன்ன ஒருவரிடமிருந்து எனக்கு இன்னும் 11 யூரோ வர வேண்டியிருக்கிறது.